மரநாய் முந்திரி தின்ற நாள்

பதற்றத்தில் நான் எடுத்த முடிவுகள்தாம் என் வாழ்க்கைக்குச் சுவை சேர்த்திருக்கின்றன என்று யாரிடமாவது சொன்னால், பக்கத்தில் இருக்கும் என் மனைவி ஸ்டெல்லா 'சுவை' என்ற இடத்தில் மட்டும் புரையேறச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. அதைத்தான் எழுதப்போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் முதலில் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியராஜ். கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் வீடு. (பெயரில் இருக்கிற ஆரோக்கியம் உடம்பில் இருக்கிறது. மனதில் கிடையாது.) தெருவில் போலீஸ்காரர் மணி என்ன என்று கேட்டால் லைசென்ஸை எடுத்து நீட்டுகிற ஆள் நான். கல்யாணத்தன்று கோயிலில் ஃபாதர் "சம்மதமா?" என்று கேட்டபோது "நான் இல்லை ஃபாதர்" என்று சொன்னவன். அப்படிப்பட்டவன் கையில் ஒரு மலைச்சரிவின் தலையெழுத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள் என்றால், தப்பு என்னுடையது மட்டும்தானா?

பல வருஷம் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, பார்த்த இடத்தையே தினமும் முதல் தடவை பார்ப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தேன். அலுத்துப்போய் டாக்டர் அனிதாவின் ஆராய்ச்சித் திட்டத்தில் டிரைவராகச் சேர்ந்தேன். (ஊசி போடுகிற டாக்டர் இல்லை. செடி டாக்டர்.) டிரைவர் என்று பேர்தான். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, மண் சலிப்பது, மதியம் சாம்பார் வைப்பது எல்லாம் சேர்ந்துதான் அந்த வேலை.

பழனி மலையில் சோலைக்காடு இப்போது மலை மடிப்புகளில்தான் மிச்சம். மேட்டுச் சரிவுகளில் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரமும் பைன் மரமும் நின்றுகொண்டு, இது எங்கள் பூர்வீகச் சொத்து என்பதுபோல் பார்க்கும். வடகவுஞ்சிப் பக்கம் வாட்டில் வெட்டிய ஒரு சரிவில் பழைய சோலையைத் திரும்ப வரவைக்க முடியுமா என்று பார்க்கத்தான் அனிதா வந்திருந்தார். வந்தவர் நேராகப் பக்கத்துப் பளியர் குடியிருப்புக்குப் போய், "இங்க முன்னாடி என்னென்ன மரம் நின்னுச்சு? யாரும் நடாமலே அதெல்லாம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல வந்து உட்கார்ந்தவர் வீரம்மா அக்கா. அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை. திட்டத்தின் இரண்டாவது ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார்.

அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அடக்கம் என்கிற சரக்கை எந்தக் காட்டிலும் அவர் கண்டதில்லை. "நான் சொன்னேன்ல?" என்பதை, சொல்லாத விஷயத்துக்கும் சொல்வார். அவர் காட்டைப் பற்றிச் சொல்வதை எல்லாம் அனிதா பாத்தி போட்டுச் சோதித்துப் பார்ப்பார். நான் தண்ணீர் ஊற்றுவேன். பெரும்பாலும் அக்கா சொன்னது பலித்தது. பலிக்காவிட்டால் அவர் மேல் தப்பு இருக்காது. (ஒரு தடவை கரடி தின்று போட்ட விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கரடிக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அனிதா அதையும் குறித்துக்கொண்டார்.)

அக்கா சொன்னதில் முக்கியமானது ஒரு காட்டு நாவல் மரத்தைப் பற்றியது. "கையால பறிச்சு ஊன்டுனா ஒண்ணு ரெண்டு வந்தாலே பெருசு. அதே பழத்த மரநாய் தின்னு போட்டதக் கொண்டாந்து ஊன்டிப் பாரு, பொங்கிட்டு வரும். மரநாய் போட்டா மொளைக்கும், மனுசப்பய போட்டா மொறைக்கும்."

மரநாய் ஒரு ஒழுக்கமான பிராணி. ராத்திரியெல்லாம் பழம் தின்றுவிட்டு, தினமும் அதே பாறைக்கு வந்து அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகும். அந்தப் பாறை எது என்பது அக்காவுக்குத் தெரியும். அந்த வருஷம் பக்கத்தில் அந்த ஒரு மரம்தான் காய்த்திருந்தது. அதுவும் முடியப்போகிற சமயம்.

சரிவில் என்ன நடுவது, யார் நடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் ஒரு வனத்துறை ஆபீசர். ஒல்லியாக, மீசைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துவைத்திருக்கும் மனிதர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் எங்கள் மலையில் இல்லை. அவர் நர்சரியைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்த அன்று, அக்காவும் நானும் வெள்ளனே கிளம்பி மரநாய்ப் பாறைக்குப் போனோம்.

பாறையில் இருந்ததைப் பார்த்ததும் அக்கா முகம் நகைக்கடையில் நிற்கிறவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "ஏ ஆரோக்கியம், பாரு பாரு, ஒவ்வொண்ணும் எப்படி முத்துமுத்தாக் கெடக்கு!" கறுப்புக் கலந்த பழுப்பு நிறத்தில் விரல் நீளத்துக்கு, உள்ளே விதை புடைத்துக்கொண்டு. ஈரப் பாசியைப் பரப்பி, அதன்மேல் ஒவ்வொன்றாக எடுத்து, டப்பாவில் படுக்கவைத்தார். "இன்னைக்கே மண்ணுக்குள்ள போகணும். காஞ்சுச்சோ, செத்துரும்."

இந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மைத்துனன் அந்தோணி ஏரிப் பக்கம் ஹோம் மேட் சாக்லேட் கடை வைத்திருக்கிறான். டப்பாவில் அச்சடித்த போன் நம்பரில் ஒரு எண் தப்பாகிப்போனதால் ஒரு கட்டு டப்பாவை அப்படியே என் தலையில் கட்டினான். பளபளவென்று அட்டை டப்பா, மூடியில் மலையும் ஏரியும், கூடவே சிவப்பு ரிப்பன். பிளாஸ்டிக் டப்பாவை "மூச்சு முட்டும்" என்று ஒதுக்கிய வீரம்மா அக்காவுக்கு இந்த அட்டை டப்பா பிடித்துப்போயிற்று. ஆகவே எங்கள் நர்சரியில் விதையெல்லாம் கல்யாண வீட்டுப் பரிசு மாதிரி ரிப்பன் கட்டிக்கொண்டு இருக்கும். மூடியில் விதையின் பேர் எழுதிச் சீட்டு ஒட்டுவது என் சோலி. அன்றைக்கு ஒட்டவில்லை. ஆபீசர் வருகிறார் என்ற பதற்றத்தில் நான் சீட்டை என் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஜீப்பின் முன்சீட்டில், விதை டப்பாவுக்குப் பக்கத்தில், அதே மாதிரி இன்னொரு டப்பாவும் இருந்தது. அது ஆபீசருக்குக் கொடுக்க அந்தோணியிடம் வாங்கிவைத்த அசல் முந்திரி சாக்லேட்.

(இந்த இடத்திலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.)

ஆபீசர் வந்தார். பாத்தி பாத்தியாகப் பார்த்தார். எதற்கும் முகம் மாறவில்லை. வீரம்மா அக்கா மட்டும் விடாமல் பேசிக்கொண்டே பின்னால் போனார்.

"பிளான்ல வேற நாத்துதான் எழுதியிருக்கு" என்றார் ஆபீசர். "கான்ட்ராக்டர் தயாரா இருக்கார். லாரியில கொண்டுவந்து இறக்கி நட்டுட்டுப் போயிருவார்."

"நட்டுட்டுப் போயிருவாரு சாரு, மரமும் அவரு பின்னாடியே போயிரும்" என்றார் அக்கா. "போன தடவ நட்டதுல எது நிக்குது, காட்டுங்க பாப்போம்."

"உங்க விதை முளைக்கும்னு என்னம்மா நிச்சயம்?"

"மரநாய் போட்டது சாரு. இன்னைக்குக் காலையில எடுத்தது. காயறதுக்குள்ள ஊன்டிட்டா, வர்ற மழைக்கு நீங்களே வந்து எண்ணிப் பாருங்க."

ஆபீசர் சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்புறம், "சரி. மழை வரைக்கும் கான்ட்ராக்டரை நிறுத்திவைக்கிறேன். முளைச்சிருந்தா இந்தச் சரிவுல என்ன நடணும், எப்படி நடணும்னு உங்க குடியிருப்பே முடிவு செய்யட்டும். முளைக்கலைன்னா என்கிட்ட வந்து பேசக் கூடாது" என்றார்.

அக்கா சரிவின் அடிவாரத்தைப் பார்த்தார். அந்தச் சரிவுக்கு நேர் கீழேதான் அவருடைய வீடு. வாட்டில் நின்று தண்ணீரை உறிஞ்சிய காலத்தில் வற்றிப்போன ஊற்று ஒன்று அங்கே இருந்தது. அதைப் பற்றி அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஆரோக்கியம், சார் கிளம்புறார். சாக்லேட்!" என்றார் அனிதா.

ஓடினேன். ஜீப்பிலிருந்து டப்பாவை எடுத்து ஓடிவந்தேன். ஆபீசர் கையை ஆட்டினார். "நான் இதெல்லாம் வாங்கறதில்லை."

இங்கே நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் ஒருவர் வேண்டாம் என்றால் உடனே எனக்குப் பதற்றமாகிவிடும். "அப்படிச் சொல்லக் கூடாது சார்! மலையிலேயே செஞ்சது. எல்லாம் இயற்கைச் சரக்கு. காலையிலதான் போட்டது, ஃப்ரெஷ்ஷா இருக்கும்! போற வழியில கண்டிப்பா ஒண்ணாவது சாப்பிடணும்."

அவர் வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்த வாக்கியங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றில்கூடப் பொய் இல்லை.

அக்கா மணல் பாத்தியை நனைத்துத் தயாராக வைத்திருந்தார். மீதமிருந்த டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிப்பனை அவிழ்த்து மூடியைத் திறந்தவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அமைதியாகக் கேட்டார்:

"ஏப்பா ஆரோக்கியம், இந்த மரநாய் முந்திரியில்ல தின்னுருக்கு? தாளு வேற சுத்திப் போட்டுருக்கே!"

என் காலுக்குக் கீழே பழனி மலை கொஞ்சம் நகர்ந்தது. அனிதா என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் என் சட்டைப்பையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன்.

"போன் பண்ணுங்க!" என்றார் அனிதா. பண்ணினேன். எங்கள் பக்கம் சிக்னல் மேகம் விலகினால் வரும், மேகம் விலகுவதற்கு மழை வந்து முடிய வேண்டும். ஜீப்பில் பாய்ந்தேன். பார்த்தால் அக்கா எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார், மடியில் சாக்லேட் டப்பாவோடு. "அந்தாளு வெதயத் தூக்கிப் போட்டுட்டா எங்க போட்டான்னு நான்தான பாக்கணும்? வெரசா எடு."

ஆபீசரின் வண்டி பெருமாள்மலை வழியாகத்தான் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் பிடித்தாக வேண்டும். வளைவு வளைவாக ஜீப்பை விரட்டினேன். என் மனதில் ஒரே காட்சிதான் ஓடியது: ஆபீசர் டப்பாவைத் திறக்கிறார், வெளியே இயற்கை அழகைப் பார்த்துக்கொண்டே கையை உள்ளே விடுகிறார், வாயில் போடுகிறார். அதன்பிறகு பேப்பரில் என் போட்டோ. ஜெயில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டெல்லா என்னைப் பார்க்க வருகிறாள், டிபன் பாக்ஸில் எதுவும் கொண்டுவராமல்.

"என்னன்னு சொல்லி வாங்குறது அக்கா? சாக்லேட் கெட்டுப்போச்சுன்னு சொல்லவா? விஷம் கலந்துருச்சுன்னு சொல்லவா?"

"மரநாய்ப் பீய மாத்திக் குடுத்துட்டேன்னு சொல்லு."

"அப்படி எப்படிக்கா சொல்றது!"

"வாயாலதான்."

அடுத்த வளைவில் ஒரு காட்டுமாடு நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு எந்த அவசரமும் இல்லை. நான் ஹாரன் அடிக்கப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார். "சும்மா இரு. அதுக்குத் தோணும்போது போகும்." அதற்குத் தோன்றும் வரை நான் எனக்குத் தெரிந்த செபங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்திலிருந்து சரக்சரக் என்று தாள் பிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாட்டைப் பார்த்துப் பயப்படுவதில் மும்முரமாக இருந்ததால் அது என்ன சத்தம் என்று நான் யோசிக்கவில்லை.

பெருமாள்மலை ஜங்ஷனில் ஆபீசரின் வண்டி நின்றிருந்தது. அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டப்பா. ரிப்பன் கட்டியபடியே இருந்தது. மாதாவே, திறக்கவில்லை! (ரிப்பனில் இருந்தது நான் போட்ட முடிச்சு இல்லை என்பதைக் கவனிக்கிற நிலைமையில் நான் இல்லை.)

அக்கா மடியிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன ஆரோக்கியராஜ், இப்படி மூச்சு வாங்குது?"

"சார், அந்த டப்பா... அது பழசு சார். நேத்துப் போட்ட சாக்லேட். தெரியாம குடுத்துட்டேன். இதுதான் புதுசு. மாத்திக்கலாம் சார்."

"காலையில போட்டதுன்னு சொன்னீங்களே?"

"நேத்துக் காலையில சார்."

ஆபீசர் என் கையிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்தார். உள்ளே இரண்டே இரண்டு சாக்லேட் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் தாள். நான் திரும்பி ஜீப்பைப் பார்த்தேன். அக்கா வேறு பக்கம் பார்த்தபடி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் புதுசா?"

"ஆமா சார். புதுசு... கொஞ்சமாத்தான் வந்துச்சு."

"புதுசுல ரெண்டு இருக்கு. பழசு டப்பா நிறைய இருக்கு. நான் எதுக்கு மாத்தணும்?" அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "அதுவும் நேத்து செஞ்ச சாக்லேட் இன்னைக்கா கெட்டுப்போயிரும்?"

"கெடல சார்! நல்லாத்தான் இருக்கும் சார்! ஆனா..."

"நல்லாத்தானே இருக்கும்?"

"பிரமாதமா இருக்கும் சார்."

எதற்காக அப்படிச் சொன்னேன்? அந்தோணியின் கடைப் பேரைக் காப்பாற்றவா? தெரியாது. பதற்றத்தில் என் வாய் எனக்குச் சொந்தமில்லை. ஆபீசர் ரிப்பனை அவிழ்த்தார். டப்பாவை என் பக்கம் நீட்டினார். மூடியைத் திறந்தவர், டப்பாவுக்குள் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க முதல்ல ஒண்ணு எடுத்துக்கங்க."

டீக்கடைக்காரர் பார்க்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆபீசருக்கு நாங்கள் மரநாய் எச்சத்தை ரிப்பன் கட்டிக் கொடுத்தோம் என்று ஆகும். சரிவு போகும், ஊற்று போகும், அக்கா என் முகத்தில் முழிக்க மாட்டார். பொய்யைக் காப்பாற்றினால்? ஒன்றைத் தின்றுவிட்டால் டப்பாவோடு நகர்ந்துவிடலாம். என் மூளை அந்தப் பெருமாள்மலைக் குளிரில் இப்படித்தான் கணக்குப் போட்டது.

எடுத்தேன். சின்னதாகப் பார்த்துத்தான் எடுத்தேன். வாயில் போட்டேன்.

அதன் ருசியைக் கேட்பவர்கள் உண்டு. மழையில் நனைந்த கோணிச்சாக்கு, பழைய சாம்பிராணி, புளித்த நாவற்பழம் மூன்றையும் சேர்த்து ஒருவர் மனவருத்தத்தில் அரைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்லா... இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே, மெல்லுவதற்காகப் பல்லைச் சேர்த்தேன்.

ஜீப்பிலிருந்து ஒரு கூச்சல் ஜங்ஷன் முழுக்கக் கேட்டது.

"ஏலே! கடிச்சிராதலே! வெத ஒடஞ்சிரும்! அப்படியே முழுங்கு!"

முழுங்கிவிட்டேன். அக்கா சொன்னால் செய்து பழகிப்போன தொண்டை.

ஆபீசர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். மீசை முதலில் ஆடியது. அப்புறம் தோள். அப்புறம் பெஞ்சு. எங்கள் மலையில் யாரும் பார்த்திராத அந்தச் சிரிப்பை அன்றைக்கு ஜங்ஷனில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"ஏன்யா... முப்பது வருஷமா காட்டுலதான் கெடக்கேன். எனக்கு மரநாய் போட்டது தெரியாதா? வண்டி கிளம்பினதுமே பிரிச்சுப் பார்த்துட்டேன். பாசி, வாசம் எல்லாம் பார்த்ததும் புரிஞ்சிருச்சு. காஞ்சிரும்னு இந்தம்மா சொன்னாங்களேன்னு தண்ணி தெளிச்சுக் கட்டிவச்சுட்டு, யாராவது ஓடிவருவீங்கன்னுதான் உக்காந்திருக்கேன்!"

"அப்ப ஏன் சார் என்னைத் தின்னச் சொன்னீங்க?"

"நீங்க சொல்லிருவீங்கன்னு பார்த்தேன். தின்னுவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

அதற்குள் அக்கா இறங்கிவந்து டப்பாவை வாங்கி, பாசியை விலக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஈரம் போகவில்லை. அவர் முகத்தில் இருந்த கவலை அப்போதுதான் இறங்கியது. அது இருந்ததே அது இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நல்லாத்தான் வச்சிருக்கீங்க சாரு" என்று ஆபீசருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"துப்புன்னு சொல்லியிருக்கலாம்லக்கா?" என்றேன், அழாத குறையாக.

"சொல்லியிருக்கலாம்தான்." கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "மனுசன் முழுங்குனா மொளைக்குமா மொளைக்காதான்னு எனக்கும் டாக்டரம்மாவுக்கும் ரொம்ப நாளா ஒரு பேச்சு. யாரு முழுங்குவா, சொல்லு? நீயா வாய்க்குள்ள போட்டுக்கிட்ட. எனக்கு ஒரு ஆசை."

திரும்பிப் போகும் வழியெல்லாம் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்தினார். பள்ளம் வந்தால் "மெதுவா, மெதுவா, வெத உள்ள கெடக்கு." இருமினால் "இருமாத." மீதமிருந்த இரண்டு சாக்லேட்டில் ஒன்றை எனக்குக் கொடுத்து ஆறுதலும் சொன்னார்: "ஆடலூர்ப் பக்கம் மரநாய் தின்னு போட்ட காப்பிக்கொட்டைய வெளிநாட்டுக்காரன் தேடி வந்து வாங்குறானாம். நீ ஓசியில தின்னுருக்க."

அனிதா விஷயத்தைக் கேட்டு முதலில் பதறினார். "ஐயையோ, உடம்புக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று கண் கலங்கினார். அப்புறம் அந்தக் கலங்கிய கண்ணிலேயே ஒரு வெளிச்சம் வந்தது. "எத்தனை மணிக்கு முழுங்கினீங்க?"

ஊசி போடுகிற டாக்டரிடமும் போனேன். "என்ன சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கனிவாகக் கேட்டார். பூச்சி மாத்திரையோடு திரும்பி வந்து ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு என் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். ஆனால் சாயந்திரம் எனக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். (அன்பு இருக்கிறது. தள்ளி நின்று இருக்கிறது.)

மறுநாள் விடிந்ததும் கேட்டில் அக்கா. கையில் புது டப்பா.

"வந்துருச்சா?"

"இன்னும் இல்லக்கா. மெதுவாப் பேசுங்க."

பக்கத்து வீட்டு டீச்சர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்ன வரணும் சார்? கூரியரா?"

"ஆமாங்க" என்றார் அக்கா. "முக்கியமான சாமான். பத்திரமா வரணுமேன்னு காத்துக் கெடக்கோம்."

"அட்ரஸ் சரியாக் குடுத்தீங்களா? இந்த ஏரியாவுக்கு எப்பவும் லேட்டாத்தான் வரும்."

அதற்கு மேல் நடந்ததை எழுத எந்தப் பத்திரிகையும் எனக்கு இடம் தராது. வந்தது. பத்திரமாக வந்தது. அக்கா வாங்கிக்கொண்டு போனார். இவ்வளவு போதும்.

மழை வந்தது. மரநாய் போட்ட விதைப் பாத்தி அக்கா சொன்ன மாதிரியே பொங்கிக்கொண்டு வந்தது. கையால் பறித்துப் போட்ட பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை தெரிந்தது. ஆபீசர் சொன்னபடி வந்து குனிந்து எண்ணினார். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். சரிவில் எந்த மரத்துக்குப் பக்கத்தில் எந்த மரம் என்று முடிவு செய்ய அக்காவின் குடியிருப்பே மேலேறி வந்தது. அன்றைக்கு அவர்களுக்குள் நடந்த சண்டையைப் பார்க்க வேண்டுமே! ஆளுக்கொரு காடு வைத்திருந்தார்கள் தலைக்குள்.

கிளம்பும்போது ஆபீசர் தனியாக ஓரத்தில் இருந்த ஒரு நாற்றுப் பையைப் பார்த்தார். ஒற்றை நாற்று. "இது எந்தக் கணக்கு?"

அக்கா என்னைக் கையால் காட்டினார்.

"மொளைச்சிருச்சா!"

"நான் சொன்னேன்ல?" என்றார் அக்கா. (மனுசப்பய போட்டால் முறைக்கும் என்றுதான் முன்னால் சொல்லியிருந்தார்.) "மரநாயும் இவனும் ஒண்ணுதான்னு ஆராய்ச்சியே சொல்லிருச்சு."

அனிதா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே ஒரு விதையை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. இன்னும் நிறைய விதை வேணும்" என்றார். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜீப்புக்கு டீசல் போடப் போய்விட்டேன்.

அந்த நாற்று இப்போது சரிவில் மரமாக நிற்கிறது. ஊற்று கோடையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சமாக ஓடுகிறது. மழைக்காலத்தில் சத்தம் கேட்கிறது. காலேஜ் பிள்ளைகள் வந்தால் அக்கா சுற்றிக் காட்டுவார். "இது மரநாய் போட்டது. இது மரநாய் போட்டது. அதுவும் மரநாய். அந்தா ஓரத்துல நிக்குதே, அது நம்ம டிரைவரு." பிள்ளைகள் சிரித்துவிட்டு, அவர் வேடிக்கை பண்ணவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் பழகிவிட்டேன்.

வீட்டில் நான் எதையாவது வாய்க்குக் கொண்டுபோனால் போதும், என் பெண்கள் இருவரும் ஒரே குரலில் "கடிச்சிராதீங்கப்பா!" என்பார்கள். கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து அந்தோணி காதோடு அதையே சொன்னான். பீடத்துக்கு முன்னால் சிரித்ததற்காக ஃபாதர் என்னைத்தான் முறைத்தார்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் வீரம்மா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஏரிப் படம் போட்ட டப்பா, சிவப்பு ரிப்பன். மேசைமேல் வைத்து, "பிரி" என்றார்.

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். "என்னக்கா இது? சாக்லேட்டா, மத்ததா? முதல்ல அதைச் சொல்லுங்க."

ஸ்டெல்லாதான் பிரித்தாள். ஈரப் பாசி. அதன்மேல் கறுப்புக் கலந்த பழுப்பில், விதை புடைத்துக்கொண்டு இரண்டு.

"உன் மரம் காய்ச்சிருச்சுப்பா" என்றார் அக்கா. "நேத்து அதுக்கு அடியில கெடந்துச்சு. மரநாய் தின்னு போட்டுருக்கு. உன் பேரப்புள்ளைக. பாத்துட்டுக் குடு, ஊன்டப் போகணும்."

ஸ்டெல்லா டப்பாவை முகத்தருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிரஷ்ஷை ஜன்னல் வழியே போட்ட அதே கை.

"உங்க ஜாடைதான்" என்றாள்.